முந்துதாக்குதலும் தடுப்புப் போரும்: ஒரு விமர்சன நோக்கு

திருக்குறளிலே ‘பகைத்திறம் தெரிதல்’ என்னும் அதிகாரத்தில் முள்மரத்தை உவமையாகக் கொண்ட குறள் ஒன்று உண்டு. முதிர்ந்தபின் வெட்ட முனைபவனின் கையையே வருத்தும் மரத்தை இளமையிலேயே களைந்துவிடல் வேண்டும் என்பது அதன் கருத்து. பகை வலுப்பெறுமுன் அதனை அழித்துவிடுதல் அறிவுடைமை என வாதிடுவோர்க்குத் தமிழில் இதனினும் வாய்ப்பான மேற்கோள் கிடைத்தல் அரிது.

உவமை வலிமை வாய்ந்ததே. ஆயினும் உவமையொன்று எதனைக் காட்டுகின்றது என்பதோடு எதனை மறைக்கின்றது என்பதையும் ஆராய்தல் விமர்சனத்தின் கடமையாகும். முள்மரத்தின் முள் கண்ணுக்குப் புலனாவது. கன்று மரமாகும் என்பதும் இயற்கை நியதி. அதனை வெட்டும்போது வீழ்வது மரம் மட்டுமே. ஒரு நாட்டைப் பற்றி இம்மூன்றையும் அவ்வாறு கூறிவிட முடியுமா? அந்நாடு பகைநாடுதான் என்பதை யார் தீர்மானிப்பது? அதன் பகைமை போராக வளர்ந்தே தீரும் என்பதற்கு உறுதி யாது? வெட்டும்போது அங்கே வீழ்வோர் யாவர்? பிறிதொரு நாட்டின் மீது முற்கூட்டியே போர் தொடுத்தல் நியாயமாகுமா என்னும் வினா, இறுதியில் இம்மூன்று வினாக்களாகவே விரிகின்றது. இவற்றுள்ளும் முதலாவதே அடிப்படையானது என்பது எமது கருத்து.

வாதத்துட் புகுமுன் சொற்றெளிவு அவசியமாகின்றது. ‘முற்கூட்டிய போர்’ என நாம் பொதுவாக வழங்கும் தொடருள் வேறுபட்ட இரு செயல்கள் அடங்கியுள்ளன. எதிரியின் படை எல்லையில் அணிவகுத்து நிற்க, தாக்குதல் நாளையோ மறுநாளோ என்னும் நிலையில், அதனை முந்திக்கொண்டு அடிப்பது ஒன்று. இதனை ‘முந்துதாக்குதல்’ என்போம். இன்று தாக்கும் ஆற்றலோ ஆயத்தமோ இல்லாத நாடு பிற்காலத்தில் வலிமை பெற்றுத் தாக்கக்கூடும் என்னும் அச்சத்தால் இன்றே அதன்மீது படையெடுப்பது மற்றொன்று. இதனைத் ‘தடுப்புப் போர்’ என்போம். முன்னதன் அடிப்படை கண்ணாற் காணும் ஆபத்து. பின்னதன் அடிப்படை எதிர்காலம் பற்றிய ஊகம். பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டுவதே அண்மைக்காலப் போர் வாதங்களின் பிரதான உத்தியாக இருந்துவந்துள்ளது.

2

இவ்வேறுபாடு புதிதன்று. 1837 டிசம்பரில் நிகழ்ந்த சம்பவமொன்று இதற்குச் சட்ட வடிவம் தந்தது. அப்போது மேல் கனடாவில் பிரித்தானிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தோர் நயாகரா ஆற்றிலுள்ள நேவித் தீவிலே தளமமைத்திருந்தனர். அவர்களுக்கு ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச்சென்ற ‘கரோலைன்’ என்னும் நீராவிக் கப்பல் அமெரிக்கக் கரையில் கட்டப்பட்டிருந்தபோது, பிரித்தானியப் படையினர் இரவோடிரவாக ஆற்றைக் கடந்து சென்று அதனைக் கைப்பற்றித் தீயிட்டு நீரோட்டத்தில் விட்டனர். அமெரிக்கர் ஒருவர் கொல்லப்பட்டார். தற்காப்புக்காகச் செய்தோம் என்றது பிரித்தானியா. 1841 இல் அதற்கு மறுமொழி எழுதிய அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் டானியல் வெப்ஸ்டர், தற்காப்பின் தேவை உடனடியானதாயும் மேலோங்கியதாயும், வேறு வழியைத் தெரிவுசெய்யவோ ஆலோசிக்கவோ கணமும் இடந்தராததாயும் இருந்தமையைப் பிரித்தானியாவே நிறுவிக்காட்டுதல் வேண்டும் என்றார்.

இவ்வாசகம் எழுதப்பட்ட சூழல் மனங்கொள்ளத்தக்கது. எல்லை கடந்து தாக்குவோர்க்கு அனுமதி வழங்குவதற்காக அன்று. தாக்கியவரிடம் கணக்குக் கேட்பதற்காகவே அது எழுதப்பட்டது. நிரூபிக்கும் சுமை தாக்கியவரையே சாரும் என்பது அதன் உயிர்நாடி. பின்வந்தோர் பலர் இதனை முந்துதாக்குதலுக்கான உரிமைச் சீட்டாகக் கையாண்டமை, ஒரு வாசகம் அதன் வரலாற்றிலிருந்து பெயர்த்தெடுக்கப்படும்போது எங்ஙனம் எதிர்ப்பொருள் கொள்கின்றது என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1945 இல் உருவான ஐக்கிய நாடுகள் சாசனம் இவ்வெல்லையை மேலும் இறுக்கிற்று. அதன் 2 ஆம் உறுப்புரை பிற அரசின்மீது படைபலம் பிரயோகித்தலையும், அவ்வாறு அச்சுறுத்தலையும் விலக்குகின்றது. ஆயுதத் தாக்குதல் நிகழுமிடத்துத் தற்காத்துக்கொள்ளும் உரிமையை 51 ஆம் உறுப்புரை ஏற்கின்றது. தாக்குதல் தொடங்கும்வரை காத்திருத்தல் வேண்டுமா என்பதில் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஒருநாள் நிகழக்கூடிய தாக்குதலுக்காக இன்றே போர் தொடுக்கலாம் என்பதற்கு அவ்வுறுப்புரையின் சொற்களில் இடமில்லை.

1946 இல் வழங்கப்பட்ட நூரம்பேர்க் தீர்ப்பு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1940 ஏப்ரலில் நோர்வேயின்மீது படையெடுத்தமை, பிரித்தானியா அங்கு இறங்குவதைத் தடுப்பதற்கான செயலே என்று ஜேர்மானியத் தரப்பு வாதிட்டது. பிரித்தானியாவிடம் அத்தகைய திட்டம் இருந்தமை உண்மையே. எனினும், ஜேர்மனியின் திட்டம் உடனடியாக நிகழவிருந்த தரையிறக்கத்தை முந்துவதற்காக வகுக்கப்பட்டதன்று எனக் கண்ட நீதிமன்றம், ‘கரோலைன்’ அளவுகோலைச் சுட்டி அவ்வாதத்தை நிராகரித்தது. தற்காப்பின் தேவையைத் தீர்மானிப்பது தாக்கும் நாடே என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. சர்வதேசச் சட்டம் என்றேனும் நடைமுறைக்கு வரவேண்டுமாயின், தற்காப்பென்று கூறிச் செய்யப்பட்ட செயல் உண்மையில் அத்தகையதா என்பது விசாரணைக்கு உட்பட்டே ஆகவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. வாதியே நீதிபதியாதல் ஆகாது என்னும் இந்நெறியையே இக்கட்டுரையின் அளவுகோலாக நாம் கொள்கின்றோம்.

3

முந்துதாக்குதலுக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட வாதங்களுள் மிகக் கவனமானது, 1977 இல் வெளிவந்த மைக்கல் வால்சரின் ‘நீதியான போர்களும் அநீதியான போர்களும்’ என்னும் நூலிலே காணப்படுவதாகும். வால்சர் தடுப்புப் போரை ஏற்பவரல்லர். வலிமைச் சமநிலை மாறுகின்றது என்பதற்காகப் போர் தொடுத்தலை அவர் மறுக்கின்றார். ஆனால், ஊறு செய்யும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிதல், அவ்வெண்ணத்தை மெய்யான ஆபத்தாக்கும் ஆயத்தம் நடைபெறுதல், காத்திருப்பதால் ஆபத்துப் பன்மடங்காகும் நிலைமை இருத்தல் ஆகிய மூன்றும் கூடுமிடத்து முதலில் தாக்குவது நியாயமாகலாம் என்பது அவர் துணிபு. 1967 ஜூனில் இஸ்ரேல் எகிப்தின்மீது நடத்திய தாக்குதலை அதற்கு உதாரணமாகக் காட்டுகின்றார்.

அவ்வாண்டு மே மாதத்தில் எகிப்து சினாய்ப் பகுதிக்குப் படைகளை நகர்த்திற்று. அங்கிருந்த ஐக்கிய நாடுகள் படையை வெளியேறக் கோரிற்று. திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு அடைத்தது. ஜூன் 5 ஆம் திகதி காலையில் இஸ்ரேலிய விமானங்கள் எகிப்திய விமானப்படையின் பெரும்பகுதியைத் தரையில் வைத்தே அழித்தன. முந்துதாக்குதலுக்கு இதனினும் தெளிவான உதாரணம் காட்டல் அரிதென்றே பலரும் கருதினர். ஆயினும் 1982 ஆகஸ்டில் இஸ்ரேலியப் பிரதமர் மெனாஹெம் பெகின் ஆற்றிய உரையொன்றில், சினாயிலே குவிந்த எகிப்தியப் படைகள் நாசர் உண்மையிலேயே தாக்கவிருந்தார் என்பதற்குச் சான்றாகா என்றும், தாக்குவதென்று முடிவுசெய்தவர்கள் தாமே என்றும் கூறினார். அப்போதும் அதனை உயர்ந்த பொருளிலான தற்காப்பு என்றே அவர் விளக்கினார் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடல் வேண்டும்.

இதனால் வால்சரின் அளவுகோல் பொய்யாகிவிடுகின்றது என நாம் கூறவில்லை. அது வகுத்த எல்லைகள் பயனுடையவை. 2003 இல் ஈராக் போரை அவர் எதிர்த்தமையும் அவ்வெல்லைகளுக்கு இயைபானதே. நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. படைகள் கண்ணெதிரே குவிந்திருந்த இடத்திலேயே எதிரியின் எண்ணத்தை அறிதல் இத்துணை ஐயத்துக்குரியதாயின், படையே குவியாத இடத்தில், பத்தாண்டுகளுக்குப் பின்னர் எழக்கூடிய எண்ணத்தை அறிவதாகச் சொல்வோரை எங்ஙனம் நம்புவது?

4

இவ்வினாவை மனத்திற்கொண்டு, 2002 செப்டெம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட தேசிய பாதுகாப்பு உபாயம் என்னும் ஆவணத்தை ஓர் எழுத்துப் படைப்பாகவே வாசித்தல் பயனுடைத்து. உடனடி ஆபத்து இருந்தாலன்றி முந்துதாக்குதல் நியாயமாகாது எனச் சட்ட அறிஞர் கொண்டிருந்தமையை அவ்வாவணம் மறைக்கவில்லை. மாறாக, அதனை ஒப்புக்கொண்டபின், இன்றைய எதிரிகளின் ஆற்றலுக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப ‘உடனடி’ என்னும் கருத்தைத் தகவமைத்தல் வேண்டும் என்கின்றது. எதிரி எப்போது, எங்கே தாக்குவான் என்பது நிச்சயமற்றதாயினும் முற்கூட்டிச் செயற்படலாம் என்பது அதன் முடிவு.

நேரமும் இடமும் தெரியாத ஆபத்து எப்பொருளில் ‘உடனடி’ ஆகும்? சொல் அப்படியே இருக்க அதன் பொருள் தலைகீழாகின்றது. முந்துதாக்குதல் என்னும் பெயரின் கீழ்த் தடுப்புப் போர் நுழையும் வாயில் இதுவே. இதனினும் நுண்ணியதோர் மாற்றமும் இங்கு நிகழ்கின்றது. பழைய அளவுகோலில் அறியாமை போருக்குத் தடை. உறுதியாகத் தெரியாவிடின் தாக்கலாகாது. புதிய கோட்பாட்டில் அறியாமையே போருக்குக் காரணம். உறுதியாகத் தெரியாமையினாலேயே தாக்குதல் வேண்டும். புகைவிடும் துப்பாக்கிக்காகக் காத்திருந்தால் அது அணுகுண்டின் காளான் முகிலாக வந்துவிடலாம் என அவ்வாண்டு அமெரிக்கத் தலைவர்கள் பேசியமை இத்தருக்கத்தின் சொற்றிறமிக்க வடிவமாகும். அத்தருக்கத்திற்கு எல்லையே கிடையாது. எந்த நாட்டைப் பற்றியும், எந்தக் காலத்திலும், ‘முற்றாகத் தெரியவில்லை’ என்று கூறுதல் இயலும்.

கோட்பாடு நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதை ஈராக் காட்டிற்று. 2002 நவம்பர் 8 இல் பாதுகாப்புச் சபை 1441 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அம்மாத இறுதியிலேயே ஆயுதப் பரிசோதகர் ஈராக்கிற்குத் திரும்பினர். போருக்கு முந்திய மாதங்களில் ஏறத்தாழ 500 இடங்களில் 700 இற்கு மேற்பட்ட பரிசோதனைகள் நடைபெற்றன. 2003 மார்ச் 7 ஆம் திகதி, எஞ்சிய பணிக்கு ஆண்டுகளோ வாரங்களோ அன்றிச் சில மாதங்களே தேவை என்று ஹான்ஸ் பிளிக்ஸ் பாதுகாப்புச் சபையில் தெரிவித்தார். ஈராக் நைஜரிலிருந்து யுரேனியம் பெற முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் மெய்யானவையல்ல என்று மொஹமட் எல்பராடி அதே நாளில் அறிவித்தார். இரு வாரங்கள் கழியுமுன், மார்ச் 20 ஆம் திகதி, போர் தொடங்கிற்று.

ஆலோசிக்கக் கணமும் இல்லாத நிலை என்பது வெப்ஸ்டரின் நிபந்தனை. இங்கோ ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. அதனை நிறுத்தியது எதிரியின் தாக்குதலன்று. தாக்க விரும்பியோரின் கால அட்டவணையே.

சான்றுகளின் கதி யாவருமறிந்தது. 2003 பெப்ரவரி 5 ஆம் திகதி இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் பாதுகாப்புச் சபையில் விவரித்த நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள், ஜேர்மனியிற் புகலிடம் பெற்ற ஈராக்கியர் ஒருவரின் கூற்றையே பெரிதும் சார்ந்திருந்தன. அது தாம் புனைந்த கதையென 2011 இல் அவரே ஒப்புக்கொண்டார். உளவு அறிக்கைகளிலே காணப்பட்ட ஐயக் குறிப்புகள் மக்களுக்கென வெளியிடப்பட்ட வடிவத்தில் நீக்கப்பட்டிருந்தமையை அமெரிக்க மேற்சபையின் உளவுத்துறைக் குழு 2004 இல் சுட்டிக்காட்டியது. பேரழிவு ஆயுதக் குவியல்கள் எவையும் ஈராக்கில் இருக்கவில்லை என்று அமெரிக்கா நியமித்த ஆய்வுக் குழுவே அவ்வாண்டில் அறிவித்தது. போர் தொடங்கியபோது அமைதி வழிகள் யாவும் முயன்று தீர்க்கப்பட்டிருக்கவில்லை என்றும், அது இறுதி வழியாக அமையவில்லை என்றும் பிரித்தானியாவின் சில்கொட் விசாரணை 2016 இல் முடிவு செய்தது.

இதனை உளவுத்துறையின் தவறென்று கூறி அமைவோர் உளர். அவ்விளக்கம் போதாது. தவறு எங்கும் நேரலாம். தவறைக் கண்டுபிடிக்கக்கூடிய பொதுநிலை அமைப்பொன்று அங்கே பணியில் இருந்தது. அது கண்டுபிடித்தும் கொண்டிருந்தது. அதன் முடிவுக்குக் காத்திராமையே குற்றம். எதிர்காலம் பற்றிய சான்று தாக்க விரும்புபவரின் கையில் மட்டுமே இருப்பதும், அச்சான்றை மதிப்பிடுபவரும் அவரே ஆவதும் தடுப்புப் போரின் இடைநேர்ந்த குறைகளல்ல. அதன் இயல்பே அதுவாகும். விசாரணையின் முடிவு 2004 இலும் 2016 இலும் வரலாம். உயிர்கள் போவதோ 2003 இல். அப்போரிலும் அதன்வழி எழுந்த வன்முறையிலும் இறந்த ஈராக்கியப் பொதுமக்கள், பதிவாகிய அளவிலேயே ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர். தமது நாட்டு ஆட்சியாளரின் எதிர்கால எண்ணம் குறித்துப் பிறர் கொண்ட ஊகத்திற்காக அவர்கள் உயிரிழந்தனர்.

5

முற்போக்காளர் பலர் ஈராக் போரை எண்ணெய் நலன்களால் விளக்குவர். ஏகாதிபத்திய நலன்களைப் புறக்கணித்து அப்போரைப் புரிந்துகொள்ளல் இயலாது என்பதில் எமக்கும் உடன்பாடே. ஆனால், விமர்சனம் நோக்கத்தை அம்பலப்படுத்துவதோடு நின்றுவிடின் ஒரு பேராபத்து உண்டு. தீய நோக்கமுடையோர் செய்ததாலேயே அது தீது, நல்ல நோக்கமுடையோர் செய்யின் ஏற்கலாம் என்னும் முடிவுக்கு அது எம்மை இட்டுச்செல்லும். இவ்விடத்து எமது தரப்பின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

1939 நவம்பர் 30 இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தின்மீது படையெடுத்தது. எல்லை லெனின்கிராட் நகருக்கு வெகு அண்மையில், ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. பின்லாந்தின் ஊடாகப் பெரிய வல்லரசொன்று தாக்கக்கூடும் என்பது சோவியத் அச்சம். அவ்வச்சம் வெறும் கற்பனையென்று இன்றும் கூறவியலாது. ஆயினும் 1940 மார்ச்சில் முடிவுற்ற அப்போரின் விளைவென்ன? நிலத்தை இழந்த பின்லாந்து, 1941 ஜூனில் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபோது அதனுடன் சேர்ந்து போரிட்டது. தடுக்க விரும்பிய பகையைத் தடுப்புப் போரே முற்றுவித்தது. அன்று உலகின் முற்போக்காளர் பலர் அப்படையெடுப்பை லெனின்கிராட்டின் பெயரால் நியாயப்படுத்தினர். அந்நியாயத்தையும் 2002 ஆம் ஆண்டு ஆவணத்தின் நியாயத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு எமக்கு வேண்டும்.

ஈராக்கிலும் இவ்வுண்மையே மீண்டும் புலனாயிற்று. பயங்கரவாதத்தைத் தடுப்பதாகக் கூறித் தொடங்கிய போரின் இடிபாடுகளிலே வளர்ந்த இயக்கம் 2014 ஜூனில் மோசுல் நகரைக் கைப்பற்றியது. முள்மரம் இல்லாத நிலத்தில் அதனை நட்டவர் யார் என்னும் வினா இங்கு தவிர்க்கவியலாதது.

6

எமது நிலைப்பாட்டுக்கு எதிராக இரு வலுவான ஆட்சேபங்களை எழுப்பலாம். முதலாவது, 1936 மார்ச்சில் ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படைகளை அனுப்பியபோதே பிரான்சும் பிரித்தானியாவும் செயற்பட்டிருப்பின் பேரழிவு தவிர்ந்திருக்கும் அல்லவா என்பது. தவிர்ந்திருக்கலாம். ஆனால், அது தடுப்புப் போருக்கான உதாரணமன்று. படைவிலக்கப்பட்ட ரைன்லாந்துக்குள் படை புகுந்தமை வேர்செய்ல்ஸ், லொக்கார்னோ உடன்படிக்கைகளின் வெளிப்படையான மீறல், உலகறிய நிகழ்ந்தது. அன்று வேண்டப்பட்டது எதிர்காலம் பற்றிய ஊகத்தின்மேற் செயற்படுவதன்று. கண்முன் நிகழ்ந்த மீறலுக்கு எதிராக உடன்படிக்கையை நிறைவேற்றுவதே.

இரண்டாவது ஆட்சேபம் அணுவாயுதம் பற்றியது. முதலடியே இறுதியடியாகக்கூடிய காலத்தில் 1841 ஆம் ஆண்டு அளவுகோல் போதுமா? இது எளிதிற் புறந்தள்ளத்தக்க வினாவன்று. எனினும் அனுபவம் கூறுவதை நோக்குவோம். 1981 ஜூன் 7 இல் இஸ்ரேல் பாக்தாத் அருகேயிருந்த ஒசிராக் அணு உலையைக் குண்டுவீசி அழித்தது. பாதுகாப்புச் சபை 487 ஆம் தீர்மானத்தால் ஏகமனதாக அதனைக் கண்டித்தது. அமெரிக்காவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அதன்பின் ஈராக்கின் அணுமுயற்சி மறைவாகத் தொடர்ந்தமை 1991 ஆம் ஆண்டுப் போரின் பின்னரே முழுமையாக வெளிவந்தது. அவ்வாயுத முயற்சிக்கு முடிவு கண்டதில் பெரும்பங்கு 1991 இற்குப் பிந்திய சர்வதேசப் பரிசோதனைகளுக்கே உரியது. மறுபுறம், 2003 ஜனவரியில் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்த வடகொரியா 2006 ஒக்டோபரில் அணுகுண்டைப் பரிசோதித்தது. ஆயுதம் இல்லாத நாடு தாக்கப்பட்டது. ஆயுதம் செய்த நாடு தாக்கப்படவில்லை. இதிலிருந்து அஞ்சும் அரசுகள் எப்பாடத்தைக் கற்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோட்பாடுகள் அவற்றை வகுத்தவரின் கையில் மட்டும் நின்றுவிடுவதில்லை. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது படையெடுத்த ரஷ்யா 51 ஆம் உறுப்புரையையே துணைக்கழைத்தது. அதனை ஆக்கிரமிப்புக்கு எதிரான முற்கூட்டிய எதிரடி என அவ்வாண்டு மே மாதத்தில் அதன் தலைவர் வருணித்தார். 2025 ஜூன் 13 இல் ஈரானைத் தாக்கிய இஸ்ரேலும் அதனை முந்துதாக்குதல் என்றே அழைத்தது. ஒருவரைக் கண்டித்து மற்றவரை ஆதரிப்போர், கோட்பாட்டைப் பற்றியன்றித் தத்தம் அணியைப் பற்றியே பேசுகின்றனர்.

7

எதிரியின் தாக்குதல் உண்மையில் தொடங்கும் தறுவாயில், அது பிறரும் காணத்தக்கதாய், வேறு வழியே இல்லாததாய் இருக்குமிடத்து முந்துதாக்குதல் நியாயமாகலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வாறு தாக்குபவர் அதற்கான சான்றைப் பிறரது விசாரணைக்கு உட்படுத்தக் கடமைப்பட்டவராவர். தடுப்புப் போரோ எந்நிலையிலும் நியாயமாகாது. எதிர்காலம் அறியமுடியாதது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அறியமுடியாததை அறிந்ததாக உரிமைகோரும் அதிகாரம் எப்போதும் வலியோரிடமே சென்று சேர்கின்றது. வலிய நாட்டைப் பற்றி எளிய நாடு கொள்ளும் அச்சம் எத்துணை நியாயமானதாயினும் அது போர்க்காரணமாவதில்லை. அதற்கான படை அதனிடம் இல்லை. எனவே இக்கோட்பாடு யாவர்க்கும் பொதுவான விதிபோலத் தோன்றினும் நடைமுறையில் வல்லரசுகளின் தனியுரிமையே. சிறிய நாடொன்றில் வாழும் எமக்கு இது ஏட்டளவான விவாதமன்று. சர்வதேசச் சட்டம் பல இடங்களில் இடிந்த சுவர்தான். ஆயினும் எம்மைப் போன்றோர்க்கு வேறு சுவரில்லை.

தொடக்கத்தில் சுட்டிய அதிகாரத்திற்கு மீள்வோம். முள்மரக் குறள் அதன் ஒன்பதாவது குறள். அவ்வதிகாரத்தின் முதற்குறளோ, பகை என்னும் பண்பற்ற ஒன்றை விளையாட்டாகவேனும் விரும்பலாகாது என்கின்றது. பகையையும் நட்பாக்கிக்கொண்டு ஒழுகும் பண்புடையவனின் பெருமையிலேயே உலகு தங்கியுள்ளது என்பது நான்காவது குறளின் கருத்து. மரத்தை வெட்டுமாறு கூறுமுன், வெட்டவேண்டிய மரம் உண்டாகாதிருக்கச் செய்வதையே அவ்வதிகாரம் பேசுகின்றது. அதிகாரத்தின் பெயரும் ‘பகை அழித்தல்’ அன்று, ‘பகைத்திறம் தெரிதல்’ ஆகும். தெரிதல் என்பது ஆராய்ந்தறிதல். 2003 மார்ச்சில் ஆராய்ந்தறிவதற்கு மேலும் சில மாதங்கள் வேண்டுமெனக் கேட்கப்பட்டது; அது மறுக்கப்பட்டது.